அமீர்பேட்: ரயில் வந்த பிறகு

வேலைக்கென்று ஹைதராபாத் வந்து சேர்ந்த நம் பிள்ளைகளில் அமீர்பேட் மண்ணை மிதிக்காதவர்கள் மிகவும் குறைவு. மைத்ரிவனம், ஆதித்யா என்கிளேவ், நீலகிரி பிளாக், அன்னபூர்ணா பிளாக் என்று கட்டடத்துக்குக் கட்டடம் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்கள். பின்னால் சந்துக்குச் சந்து ஆண்கள் ஹாஸ்டல், பெண்கள் ஹாஸ்டல். அவற்றின் கீழே டிபன் கடை, ஜெராக்ஸ் கடை, செல்போன் கடை. கொரோனாவுக்குப் பின் பல வகுப்புகள் இணையவழிக்குப் போய்விட்டன. என்றாலும் படிப்பதற்கு அமீர்பேட், பிழைப்பதற்கு ஹைடெக் சிட்டி என்ற வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

இந்த அமீர்பேட்டின் தலைக்கு மேல்தான் ஹைதராபாத் மெட்ரோவின் இரண்டு பாதைகள் ஒன்றையொன்று கடக்கின்றன. மியாப்பூரிலிருந்து எல்.பி. நகர் செல்லும் சிவப்புப் பாதை ஒன்று; நாகோலிலிருந்து ராய்துர்க்கம் செல்லும் நீலப் பாதை மற்றொன்று. 2017 நவம்பர் 28-ஆம் தேதி பிரதமர் தொடங்கி வைத்த முதல் 30 கிலோமீட்டர், நாகோலில் புறப்பட்டு அமீர்பேட் வழியாக மியாப்பூரை அடைந்தது. 2018 செப்டம்பரில் அமீர்பேட்டிலிருந்து எல்.பி. நகர் வரையிலும், 2019 மார்ச்சில் ஹைடெக் சிட்டி வரையிலும், அதே ஆண்டு நவம்பரில் ராய்துர்க்கம் வரையிலும் ரயில் ஓடத் தொடங்கியது. நான்கு திசையிலிருந்தும் ரயில் வந்து கூடும் இடமாக அமீர்பேட் ஆகிவிட்டது.

ரயில் வந்துவிட்டது, சரி. ரயிலைச் சுற்றி ஊர் அதற்கேற்றபடி அமைந்ததா? இக்கேள்வி நகரத் திட்ட அதிகாரிகளுக்கு மட்டும் உரியதன்று. நாம் கொடுக்கும் வாடகை, வாங்க நினைக்கும் ஃபிளாட், தினமும் சாலையில் கழியும் நேரம், கட்டும் வரி ஆகிய எல்லாவற்றையும் தொடும் கேள்வி இது.

நிலையம் சார்ந்த வளர்ச்சி

'டிரான்சிட் ஓரியண்டட் டெவலப்மென்ட்' என்று நகரத் திட்டக்காரர்கள் ஒன்றைச் சொல்கிறார்கள். சுருக்கமாக டி.ஓ.டி. என்பர். தமிழில் 'நிலையம் சார்ந்த நகர வளர்ச்சி' என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பீட்டர் கால்தார்ப் 1993-ல் எழுதிய நூலின் மூலம் இச்சொல் உலகெங்கும் பரவிற்று. நம் மத்திய அரசும் 2017-ல் இதற்கென ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது.

கருத்து எளிது. ரயில் அல்லது பஸ் நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டருக்குள், அதாவது ஐந்து முதல் பத்து நிமிட நடைக்குள், வீடு, அலுவலகம், கடை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை நெருக்கமாகவும் கலந்தும் அமைய வேண்டும். நடப்பதற்கு நல்ல பாதை வேண்டும். கார் நிறுத்தும் இடம் அளவோடு இருக்க வேண்டும். வருமானம் குறைந்தோருக்கும் அந்த வட்டத்துக்குள் வீடு கிடைக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் மக்கள் தாமாகவே வண்டியை விட்டு ரயிலுக்கு வருவார்கள். ஊரும் விளைநிலத்தையும் ஏரியையும் விழுங்கிக்கொண்டு வெளியே பரவ வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். சிக்னல்கள் உள்ள நகரச் சாலையில் ஒரு வரிசையில் மணிக்கு 1000 கார்கள் போனால் அதுவே பெரிது. காருக்கு ஒன்றரை ஆள் என்று வைத்தால் 1500 பேர். நம் மெட்ரோவின் மூன்று பெட்டி ரயில் ஒன்றில் நெருக்கியடித்து ஏறத்தாழ 1000 பேர் பயணிக்கலாம். நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 15 ரயில், 15,000 பேர். பத்து வரிசைச் சாலை செய்யும் வேலையை ஒரே தண்டவாளப் பாதை செய்துவிடுகிறது. ஆனால் அந்த 15,000 பேரும் ஸ்டேஷனுக்கு வந்து சேர வேண்டுமே! ரயிலின் திறமை படிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் ஊரின் திறமைதான்.

மாம்பலமும் மயிலாப்பூரும்

பெயர் புதிதே தவிரப் பழக்கம் பழையது. ஜப்பானில் கோபயாஷி இச்சிஸோ என்பவர் 1910-ல் ஒசாகாவின் உமேடாவிலிருந்து டகராசுகாவுக்கு மின்ரயில் பாதையைத் தொடங்கினார். வழியில் பெரும்பாலும் வயல்வெளி. டிக்கெட் பணத்தை மட்டும் நம்பினால் கம்பெனி மூழ்கிவிடும் என்று அறிந்த அவர், பாதையோரம் நிலம் வாங்கி வீடுகள் கட்டித் தவணை முறையில் விற்றார். 1929-ல் உமேடா ஸ்டேஷனிலேயே பெரிய பல்பொருள் அங்காடியைத் திறந்தார். காலையில் ஊருக்குள் போக ஆள், மாலையில் திரும்ப ஆள், விடுமுறை நாளில் கடைக்கு வர ஆள் என்று ரயில் நிறைந்தது.

ஜப்பான் வரை போவானேன்? நம் மாம்பலத்தையே பாருங்கள். 1911-ல் ஸ்டேஷன் வந்தது. 1920-களில் அதன் கிழக்கே நீண்ட ஏரி இருந்த பகுதியில் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. 1931-ல் கடற்கரை – தாம்பரம் பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கியது. ஸ்டேஷன் படியில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. தெரு முடிந்தால் உஸ்மான் சாலை. பக்கத்திலேயே பஸ் நிலையம். யாரும் டி.ஓ.டி. என்று பெயர் வைக்கவில்லை. ஸ்டேஷனுக்கும் கடைத்தெருவுக்கும் வீடுகளுக்கும் இடையில் நடந்து போக முடிந்தது, அவ்வளவுதான். நெரிசல் தாங்காமல் போனபோது, 2023 மே மாதம் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை சுமார் 570 மீட்டர் நீளத்துக்கு நடைமேம்பாலம் திறக்கப்பட்டது. நடப்பவருக்காகச் செலவு செய்ய வேண்டும் என்று ஊர் ஒப்புக்கொண்டதற்கு அது ஓர் அடையாளம்.

அதே சென்னையில் எதிர்மாறான உதாரணமும் உண்டு. பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரை வந்தது. 1997-ல் திருமயிலையையும், 2007-ல் வேளச்சேரியையும் அடைந்தது. நிலம் கிடைத்த இடம் என்பதால் நெடுந்தூரம் பக்கிங்காம் கால்வாய் ஓரமாகவே பாதை சென்றது. ஒவ்வொரு ஸ்டேஷனும் கோட்டைபோல் எழும்பிற்று. வணிகத்துக்கென விடப்பட்ட பெரிய தளங்கள் பல ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்தன. நடந்துவரும் வழி, இணைப்புப் பஸ், பக்கத்துத் தெருவோடு உறவு ஆகிய எதையும் யாரும் சேர்த்துத் திட்டமிடவில்லை. கட்டடம் இருந்தும் ஊர் அதன் பக்கம் திரும்பவில்லை.

ரயிலுக்கு அருகில் கட்டினால் மட்டும் அது நிலையம் சார்ந்த வளர்ச்சி ஆகிவிடாது. நடந்து சேரும்படி கட்ட வேண்டும். அமீர்பேட்டை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம்.

வட்டத்தின் கணக்கு

ஸ்டேஷனை மையமாக வைத்து 500 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் அதன் பரப்பு 78½ ஹெக்டேர். ஏறத்தாழ 194 ஏக்கர். ஏக்கருக்கு 150 பேர் வசிக்கிறார்கள் என்று வைத்தால் 29,000 பேர் ஸ்டேஷனுக்கு நடந்து வரக்கூடியவர்கள்.

ஆனால் மனிதர் காக்கைபோல் நேர்க்கோட்டில் பறந்து வருவதில்லை. நடுவில் தடுப்புச்சுவர், கடக்க முடியாத சாலை, முட்டுச்சந்து, நடைபாதையை அடைத்த மோட்டார் சைக்கிள்கள். 500 மீட்டர் நடந்தவர் நேர்க்கோட்டில் 350 மீட்டர்தான் கடந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் பரப்பு ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது ஆகையால், 350 மீட்டர் வட்டத்தின் பரப்பு 38½ ஹெக்டேர் மட்டுமே. சரிபாதி மக்கள் கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டார்கள்! கோடிக்கணக்கில் செலவிட்டுத் தூண் எழுப்பிய பின், சில லட்ச ரூபாய் நடைபாதைக்குச் செலவிடாததால் வரும் நஷ்டம் இது.

அமீர்பேட்டில் மக்கள் நெருக்கத்துக்குக் குறைவில்லை. கடை, ஹாஸ்டல், வகுப்பு, வீடு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்தே இருக்கின்றன. டி.ஓ.டி. நூல்கள் கேட்கும் கலவை இங்கே ரயிலுக்கு முன்பே இருந்தது. இல்லாதது நடைதான். பெரும் மழை பெய்தால் மைத்ரிவனம் சந்திப்பில் தண்ணீர் தேங்குவதும் நகரம் அறிந்த செய்தி. பாதையைத் தேடிப் பெண்களும் முதியோரும் ஓடும் வண்டிகளுக்கு நடுவே இறங்க வேண்டியிருக்கிறது.

2019 செப்டம்பரில், மழைக்காக அமீர்பேட் ஸ்டேஷனின் கீழ் ஒதுங்கி நின்ற ஓர் இளம்பெண், மேலிருந்து பெயர்ந்து விழுந்த காரைத் துண்டுகளால் உயிரிழந்தார். பிளாட்பாரத்தையும் தண்டவாளத்தையும் பராமரிப்பது போலவே, தூணுக்குக் கீழே மக்கள் நிற்கும் இடத்தையும் ஸ்டேஷனின் பகுதியாகக் கருதிப் பராமரிக்க வேண்டும் என்பதை அந்தத் துயரம் உணர்த்திற்று.

சாலை அகலமா, ஸ்டேஷன் தூரமா?

அடுத்து ஹைதராபாத்துக்கே உரிய ஒரு விஷயம். மற்றப் பெருநகரங்களில் மனையின் பரப்பைப் போல் இத்தனை மடங்குதான் கட்டலாம் என்று ஓர் உச்சவரம்பு வைப்பார்கள். இதை எஃப்.எஸ்.ஐ. என்பர். ஸ்டேஷனுக்கு அருகில் அந்த வரம்பைக் கூட்டுவதும் தொலைவில் குறைப்பதும் டி.ஓ.டி.யின் முக்கியக் கருவி. ஹைதராபாத்திலோ 2006-ல் வந்த கட்டட விதிகள் இந்த உச்சவரம்பை நீக்கின. அதன்பின் எழுந்த கட்டடங்களின் உயரத்தை நிர்ணயித்தவை மனையின் அளவும் முன்னால் உள்ள சாலையின் அகலமும்தான்.

இதன் விளைவைக் கவனியுங்கள். அமீர்பேட்டில் ஸ்டேஷனிலிருந்து மூன்று நிமிட நடையில் உள்ள சந்தில் சிறு மனை வைத்திருப்பவர் சில மாடிகளோடு நிற்க வேண்டும். பேகம்பேட் விமான நிலையத்தை ஒட்டிய உயரக் கட்டுப்பாடும் இப்பகுதிக்கு உண்டு. ரயிலே இல்லாத கோக்காபேட்டில், அகலச் சாலையும் ஏக்கர் கணக்கில் மனையும் இருப்பதால், ஐம்பது மாடிக்கு மேலும் எழுப்பலாம். 2023 ஆகஸ்டில் அங்கு நடந்த அரசு ஏலத்தில் ஓர் ஏக்கர் 100 கோடி ரூபாயைத் தாண்டி விலை போனது. அடுத்த ஆண்டு நவம்பரில் மாநில அரசு மத்திய அரசுக்கு அனுப்பிய 76.4 கிலோமீட்டர் இரண்டாம் கட்ட மெட்ரோத் திட்டத்தில், ராய்துர்க்கத்திலிருந்து கோக்காபேட் வரை 11.6 கிலோமீட்டர் பாதையும் இடம்பெற்றது. கட்டடம் முன்னே, ரயில் பின்னே!

ரயில் வருமுன் அங்கே குடியேறுகிறவர் என்ன செய்வார்? கார் வாங்குவார். பழகிவிட்டால் இரண்டாவது காரும் வாங்குவார். பின்னால் ரயில் வரும்போது கார் நிறுத்த நாலு தளம் கட்டிய வளாகங்கள்தான் அதை வரவேற்கும். ஐம்பது மாடி எழுப்புவதால் மட்டும் ரயிலுக்கு ஆள் சேர்ந்துவிடாது. நான்கைந்து மாடி உயரமே உள்ள அமீர்பேட், எஸ்.ஆர். நகர் போன்ற நெருக்கமான தெருக்களை நடக்கத் தக்கவையாக்கினால், உயரக் கட்டுப்பாட்டை மீறாமலேயே ரயிலுக்குப் பயணிகள் சேர்வார்கள்.

பாதி வருமானம் நிலத்திலிருந்து

இதெல்லாம் அழகுக்காகச் செய்வது என்று எண்ணிவிடக் கூடாது. ஹைதராபாத் மெட்ரோவின் வரவு செலவே இதன்மேல்தான் நிறுத்தப்பட்டது. முதலில் 2008-ல் மைட்டாஸ் நிறுவனம் தலைமையிலான குழுவுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. அரசின் மானியம் வேண்டாம், நாங்களே அரசுக்குப் பணம் தருகிறோம் என்ற விநோதமான ஏலம் அது. நிலத்தை முன்வைத்து மெட்ரோ கட்டும் இம்முறையை, டெல்லி மெட்ரோவின் தலைவர் இ. ஸ்ரீதரன் அப்போதே கடுமையாக எச்சரித்தார். 2009-ல் அந்த ஒப்பந்தம் ரத்தாயிற்று. 2010 செப்டம்பரில் எல் அண்ட் டி நிறுவனத்துடன் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

இத்திட்டத்தில் டிக்கெட்டிலிருந்து பாதி வருமானம், கடை, அலுவலக வாடகையிலிருந்து ஏறத்தாழ 45 சதவீதம், விளம்பரத்திலிருந்து மீதி என்பது எதிர்பார்ப்பு. இதற்காகச் சுமார் 269 ஏக்கர் நிலமும், அதில் 1 கோடியே 85 லட்சம் சதுர அடி வரை கட்டிக்கொள்ளும் உரிமையும் தரப்பட்டன. அந்த நிலத்தில் பெரும்பகுதி அமீர்பேட் போன்ற நடு ஊர் ஸ்டேஷன்களில் இல்லை. பாதைகளின் கோடியில் உள்ள டெப்போக்களில் இருந்தது. பஞ்சாகுட்டா, எர்ரமஞ்சில், ஹைடெக் சிட்டி, மூசாரம்பாக் ஆகிய இடங்களில் வணிக வளாகங்கள் எழுந்தன. எண்ணிய அளவுக்கு மற்றவை எழவில்லை. 2020-ல் கொரோனாவால் மார்ச் முதல் செப்டம்பர் வரை ரயிலே ஓடவில்லை. தினமும் 15 லட்சம் பயணிகள் என்பது ஆரம்ப கால மதிப்பீடு. 2024-25-ஆம் ஆண்டுகளில்கூட எண்ணிக்கை ஐந்து லட்சத்தை ஒட்டியே நின்றது.

முடிவில் 2025 செப்டம்பரில், முதல் கட்ட மெட்ரோவை எல் அண்ட் டி-யிடமிருந்து ஏற்றுக்கொள்ளத் தெலங்கானா அரசு கொள்கையளவில் சம்மதித்தது. சுமார் 13,000 கோடி ரூபாய்க் கடனை ஏற்பதும், நிறுவனத்துக்குச் சுமார் 2,000 கோடி தருவதும் அதில் அடங்கும். இந்தச் சுமை கடைசியில் யார் தலையில் இறங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஹாங்காங்கிலும் ரயிலும் நிலமும் சேர்ந்தேதான் நடக்கின்றன. அங்கே ரயில் வருவதற்கு முந்தைய விலையில் மெட்ரோ நிறுவனத்துக்கு நில உரிமை கிடைக்கிறது. ரயில் வந்தபின் ஏறும் மதிப்பின் பங்கு ரயிலுக்கே திரும்புகிறது. ஸ்டேஷனின் மேலேயே வீடுகளும் கடைகளும் இருப்பதால் குடியிருப்பவரே பயணியும் ஆகிறார். வாடகை ஒரு வருமானம், டிக்கெட் மற்றொரு வருமானம். நடந்து வராத இடத்தில் வளாகம் கட்டினால் இந்த இரண்டாவது வருமானம் கிடைக்காது.

யாருக்காக அந்த வட்டம்?

ஸ்டேஷன் வந்தால் அக்கம்பக்கத்து நிலத்தின் விலையும் வாடகையும் ஏறும். சொந்தக்காரருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பையன், டிபன் கடை நடத்தும் குடும்பம், வீட்டு வேலைக்கு வரும் பெண் ஆகியோரே ரயிலை அதிகம் நம்பியிருப்பவர்கள். வாடகை தாங்காமல் இவர்கள் ஊர்க்கோடிக்குத் தள்ளப்பட்டு, அவர்கள் இடத்துக்கு இரண்டு கார் உள்ளவர் வந்தால், ரயிலுக்கு ஆள் குறையும். சாலையில் வண்டி கூடும். எளியவர்களுக்கும் இடம் வை என்று தேசியக் கொள்கை சொல்வது இரக்கத்தினால் மட்டும் அன்று. ரயில் நிறைய வேண்டும் என்ற கணக்கினாலும்தான்.

அரசு மெட்ரோவை ஏற்கச் சம்மதித்த பின் அமீர்பேட்டில் செய்யத் தக்கவை சில உண்டு. ஸ்டேஷனைச் சுற்றி 500 மீட்டருக்குத் தொடர்ச்சியான நடைபாதையும் மழைநீர் வடிகாலும் விளக்கும் அமைப்பது முதல் வேலை. சந்துகளை ஸ்டேஷனோடு நேராக இணைப்பது இரண்டாவது. 2003 முதல் ஓடும் எம்.எம்.டி.எஸ். ரயிலின் நேச்சர் க்யூர் ஹாஸ்பிடல் ஸ்டேஷன் இங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. அதையும் பஸ்ஸையும் மெட்ரோவையும் ஒரே டிக்கெட்டில், ஒரே நடைபாதையில் சேர்ப்பது மூன்றாவது. ரயில்வே, மெட்ரோ, மாநகராட்சி, பஸ் கழகம் ஆகியவை தத்தம் எல்லைக்கோட்டில் நின்றுவிடாமல் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் இவை கைகூடும்.

வீடு தேடும் அன்பர்களுக்கு

நம் குடும்பங்களில் ஆண்டுதோறும் யாரேனும் வாடகைக்கோ சொந்தமாகவோ வீடு பார்க்கிறார்கள். 'மெட்ரோவுக்கு ஐந்து நிமிடம்' என்று விளம்பரம் சொல்லும். அது காரிலா, காலிலா என்று கேளுங்கள். ஞாயிறு காலையில் பார்க்காமல், வேலை நாளில் மாலை ஏழு மணிக்கு, முடிந்தால் மழை பெய்த மறுநாள், வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து அந்த வீடு வரை நடந்து பாருங்கள். எத்தனை இடத்தில் சாலையில் இறங்க நேர்ந்தது, எங்கே விளக்கு இல்லை, சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரம் காட்டும் நிமிடம்தான் உண்மையான தூரம்.

வரப்போகிற மெட்ரோவை நம்பி வாங்குகிறவர்கள் பாதை வருமா என்று மட்டும் பார்க்காமல், அந்த வளாகத்தின் வாசலிலிருந்து ஸ்டேஷனுக்கு வழி விடுவார்களா என்றும் விசாரிக்க வேண்டும். ஏற்கெனவே குடியிருப்பவர்கள், காலனி சங்கக் கூட்டங்களில் கார் நிறுத்துமிடத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு நடைபாதையைப் பற்றியும் பேசலாம். மாநகராட்சிக்கு மனு எழுதும்போது நம் தெலுங்கு நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு எழுதலாம். நாலு தெருக்காரர்கள் சேர்ந்து நடந்து பார்த்துக் குறித்த ஒரு பட்டியலோடு சென்றால், அதை ஒதுக்கிவிடுவது எந்த அதிகாரிக்கும் எளிதாக இராது.